மூன்று நாற்காலிக்கு ஒரு பில்

தச்சர் அளவு நாடாவின் ஒரு முனையை வாசல் நிலையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு கடையின் பின்சுவர் வரைக்கும் போனார். பிடித்துக்கொண்டு நின்றவர் கறார் பாய். தன் கடையைப் பிரிக்கத் தானே நாடா பிடிக்கிறோமே என்ற எரிச்சலில் நாடாவைப் பாதியில் விட்டார். அது சுருண்டு ஓடித் தச்சரின் விரலில் சுளீரென்று அடித்தது.

“கோவத்த நாடா மேல காட்டாதீங்க பாய். நடுவுல பிரிச்சா வாசல் உங்க பக்கம். தண்ணிக் குழாயும் பாலிஷ் பட்டறையும் உங்க பங்காளி பக்கம்.”

“அவன் சரக்கு வெளிய எப்படி வரும்? றெக்க மொளச்சா?”

“சந்துப் பக்கம் சுவத்த உடைச்சு வாசல் வெக்கறாராம்.”

“நான் எங்க பாலிஷ் போடறது? நடுரோட்லயா?”

“அத நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. நான் பலகை அடிக்கறவன். திங்கக்கெழம காலைல வரேன்.”

பேசிக்கொள்வதாம். பேச்சு இருந்தால் பலகை எதற்கு?

பத்தொன்பது வருஷமாக இருவரும் சேர்ந்து நடத்தும் பழைய மரச்சாமான் கடை அது. பாய்க்கு வாய், பங்காளிக்குக் கை. வீடு காலி செய்கிறவர்களிடம் போய்ப் பேசி அலமாரியும் கட்டிலும் மேஜையும் வாங்கி வருவது பாய். கரையான் அரித்த இடத்தைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, மெழுகு ஏற்றி, அறுபது வயது மேஜையைக் கல்யாணப் பெண்ணாக்கி நிறுத்துவது பங்காளி. அவர் கிறிஸ்தவர். தெருவில் அவருக்குப் பாலிஷ்காரர் என்று பேர். பாய் சொன்ன விலையிலிருந்து இறங்கமாட்டார் என்பதால் அவர் கறார் பாய். வாயையும் கையையும் நடுவில் பலகை வைத்துப் பிரித்தால் இரண்டு முடம்தான் மிஞ்சும். இது இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் பங்காளி தச்சரை அனுப்பியிருந்தார்.

‘ஒரு சிரிப்புக்கு ஒரு சுவரா?’ என்று பாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். பத்து நாளைக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைத்தெருக் கோடியிலிருக்கும் கல்யாண மண்டபத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள். ‘யாருடைய நம்பிக்கை உண்மை?’ என்று தலைப்பு. கத்தரிக்காயா வாழைக்காயா எது புளிக்கும் என்பதுபோல. இஸ்லாம் தரப்பில் வெளியூரிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர், கிறிஸ்தவத் தரப்பில் வெளியூரிலிருந்து டை கட்டிய ஒருவர். இருவருக்கும் இதுவே தொழில். ஊர் ஊராகப் போய் ஒருவர் வேதத்தை ஒருவர் கிழிப்பதும், கிழித்ததைப் படம் பிடித்துப் போடுவதும்.

பாயும் பங்காளியும் கடையை அடைத்துவிட்டு ஒன்றாகவே போனார்கள். கேள்வி நேரத்தில் பங்காளி எழுந்து மைக்கை வாங்கினார். விரல்களில் பாலிஷ் கறை. “நான் இதே தெருவுல நாற்காலி மேஜை கடை வெச்சிருக்கேங்க. இயேசு திரும்பி வருவாருன்னு நாங்க நம்புறோம். ஈசா நபி திரும்பி வருவாருன்னு நீங்களும் நம்புறதா என் பங்காளி சொல்லிருக்காரு. அப்படி வந்தா, அவர் நம்ம ரெண்டு பேரையும் பாத்து என்ன கேப்பாருன்னு நெனக்கிறீங்க?”

மனிதன் மனசிலிருந்து கேட்ட கேள்வி. கோட்டுக்காரர் அதைத் தொடக்கூட இல்லை.

“அவர் வர்றது இருக்கட்டும் ஐயா. மொதல்ல உங்க கணக்க முடிப்போம். ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணும் எத்தன?”

பங்காளி பள்ளிப் பிள்ளைபோல, “மூணு” என்றார்.

“மூணு! ஆனா கோயிலுக்குள்ள போனா மூணும் ஒண்ணு. ஐயா, உங்க கடையில மூணு நாற்காலி குடுத்துட்டு ஒரு நாற்காலிக்குத்தான் பில் போடுவீங்களா? அட்ரஸ் குடுங்க, நாளைக்கே வரேன்!”

பாதி மண்டபம் கூரை பிய்ந்துபோகச் சிரித்தது. பங்காளிக்கு நேர் பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாயும் சிரித்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்றால், வியாபாரியின் வாய் அப்படிப் பழகியது. எதிராளி ஒரு அடி நன்றாக அடித்தால் முதலில் சிரிக்க வேண்டும், விலை பிறகு. முப்பது வருஷப் பேரத்தில் வளர்ந்த அனிச்சை அது. தும்மலை எவன் யோசித்துத் தும்முகிறான்? ஆனால் கேமராவுக்கு அனிச்சை கினிச்சை தெரியாது. நாற்பத்தோரு விநாடிப் படம் ஒன்று அன்று சாயங்காலமே ஊரிலுள்ள எல்லாக் கைபேசிக்கும் போனது. முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயடைத்துப் பங்காளி. பின்னால் முப்பத்திரண்டு பல்லும் தெரியக் கறார் பாய்.

மறுநாள் முதல் பங்காளி அவரைப் ‘பங்காளி’ என்று கூப்பிடவில்லை. “பாய், நீங்க அந்தச் சாவிய எடுத்துக் குடுங்க” என்றார். நீங்க! பத்தொன்பது வருஷம் ‘வாடா போடா’வுக்கு ஒரு படி மேலே நின்ற வாய், ராத்திரியோடு ராத்திரியாக மரியாதை கற்றுக்கொண்டது. அந்த மரியாதையைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

“நான் சிரிச்சது அந்த ஆளு பேச்சுக்கு. இவன் மூஞ்சிக்கு இல்ல” என்று பாய் வீட்டில் குதித்தார்.

“படம் பாக்கறவங்களுக்கு அது எப்படிங்க தெரியும்?” என்றாள் மனைவி.

“இவனுக்குத் தெரிய வேணாமா?”

“அவரு வீட்டுப் பொண்ணு படத்தப் பாத்துட்டு என்ன கேட்டாளாம் தெரியுமா? ‘அப்பா, உங்க பின்னாடி சிரிக்கறது நம்ம பாய் மாமா மாதிரி இருக்கே’ன்னாளாம்.”

பாய் அதற்குமேல் குதிக்கவில்லை. ஆனால் கோபம் போகவில்லை. இடம் மாறிக் கோட்டுக்காரர் மேல் போய் உட்கார்ந்தது. தன் சரக்கைத் தூக்கிப் பேசு, யார் வேண்டாம் என்றது? அடுத்த கடைச் சரக்கில் இல்லாத ஓட்டையைக் காட்டி விற்கிறவனை எந்தச் சந்தையிலும் துரத்தித்தான் அடிப்பார்கள். மார்க்கத்தின் பேரால் விற்றால் மட்டும் கைதட்டுவார்களா?

வெள்ளிக்கிழமை கடைத்தெருச் சங்கத் தலைவர் வந்தார். பாத்திரக் கடைக்காரர்; பேச்சே பாத்திரம் உருள்கிற மாதிரி இருக்கும்.

“பாய், நாளைக்கு ரெண்டாம் சுற்று. தலைமை தாங்கறவருக்குத் தொண்ட கட்டிருச்சு. நடுவுல உக்கார நீங்கதான் வரணும்.”

“நானா? டை கட்டினவர் தரப்பு ஒத்துக்குமா?”

“ரெண்டு தரப்புக்கும் ஒரே வெல சொல்ற ஆளு தெருவுல நீங்க ஒருத்தர்தான்னு அவங்களே சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.”

“என்ன?”

“இந்தத் தடவயாவது சிரிக்காம இருப்பாரான்னு.”

பாய் முகம் சிவந்தது. “இருக்கேன். ஆனா என் கடை முறைப்படிதான் நடக்கும். சம்மதமா?”

கடை முறை என்னவென்று தெரு முழுவதற்கும் தெரியும். பழைய சாமான் வியாபாரத்தில் சண்டை விலையில் வராது. ‘நீ அப்படிச் சொல்லவே இல்லையே’ என்பதில்தான் வரும். தேக்கு என்றாய், கால் மட்டும்தானே தேக்கு. கீல் புதுசு என்றாய், ஆணிதானே புதுசு. இப்படி ஒரு கட்டிலில் உதைபட்ட பிறகு பங்காளியும் பாயும் ஒரு வழக்கம் வைத்தார்கள். விற்கிறவர் தன் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் அதை, ஏறாமல் குறையாமல், தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமா, நான் சொன்னது இதான்’ என்று விற்கிறவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் விலைப் பேச்சு. ‘பிடிக்கல, வேணாம்’ என்று போவதும் அதன் பிறகுதான்.

“ஓ, பேஷா!” என்று தலைவர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

சனிக்கிழமை மண்டபத்தில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். வாரம் முழுக்க ஒரே தெருவில் ஒருவருக்கொருவர் சில்லறை மாற்றிக்கொள்கிற முகங்கள்தான். கேமரா மூன்று. பாய் வாசலில் நிற்கும்போதே பேச்சாளர்கள் இருவரும் ஒரே காரிலிருந்து இறங்கினார்கள். “போன தடவ அந்த நாற்காலி ஜோக் பிரமாதம்” என்று டை கட்டியவர் கோட்டுக்காரரின் தோளைத் தட்டினார். “இன்னிக்கு நீங்களும் ஒண்ணு வெச்சிருப்பீங்களே!” என்றார் கோட்டுக்காரர். பாய்க்கு உச்சந்தலைவரை ஏறியது. இங்கே ஒரு கடைக்குள் பலகை விழப்போகிறது. இவர்களுக்கு ஒரே கார், ஒரே சிரிப்பு!

பங்காளி வந்திருந்தார். கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. பக்கத்தில் மகள். பாய் பார்த்தார், பங்காளி மேடைத் திரைச்சீலையைப் பார்த்தார்.

பாய் மைக்கைத் தட்டினார். “எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே விதி. அடுத்தவர் நம்பிக்கைய மறுக்கறதுக்கு முன்னாடி, அது என்னன்னு ஒரு தடவ சொல்லணும். அந்தப் பக்கத்துக்காரங்க ‘ஆமா, இதான்’னு ஒத்துக்கிட்டா மேல பேசலாம். கோட்டுக்காரய்யா, நீங்க ஆரம்பிங்க. கிறிஸ்தவங்க கடவுளப் பத்தி என்ன நம்புறாங்க?”

கோட்டுக்காரர் எழுந்து புன்னகைத்தார். “இவர்கள் மூன்று தெய்வங்களை...”

“இல்ல!” என்று பாதி மண்டபம் கத்தியது.

“நீங்க உக்காருங்க. அடுத்தவர். முஸ்லிம்கள் என்ன நம்புறாங்க?”

டை கட்டியவர் எழுந்தார். “இவர்களுடைய கடவுளுக்கு மன்னிக்கத் தெரியாது. கையில் ஒரு தராசு. நன்மை ஒரு தட்டு, தீமை ஒரு தட்டு...”

“யாருக்கு மன்னிக்கத் தெரியாது?” இந்தப் பாதி எழுந்தது. தேங்காய் மண்டி முதலாளி செருப்பைத் தேடினார். “ஒவ்வொரு வேலயும் அருளாளன், அன்புடையோன்னு சொல்லித்தான்யா தொடங்கறோம்! காதுல என்ன வெச்சிருக்க?”

“நீங்களும் உக்காருங்க. இன்னொரு வாய்ப்பு தரேன்.”

இன்னொரு வாய்ப்பிலும் இருவரும் தேறவில்லை. எப்படித் தேறுவார்கள்? அடுத்தவன் சாமானைக் குறை சொல்லவே படித்தவர்கள். சாமானைத் தொட்டுப் பார்த்ததே கிடையாது. கோட்டுக்காரர் கடைசியில் பொறுமை இழந்தார்.

“தலைவரே, இது விவாதமா, பள்ளிக்கூடமா? அவ்வளவு சுலபம்னா நீங்க சொல்லுங்களேன். பத்தொன்பது வருஷமா ஒரு கிறிஸ்தவரோட கடை வெச்சிருக்கீங்களாமே! அவர் நம்பிக்கைய நீங்க சொல்லுங்க, பாப்போம்.”

மண்டபம் ஓவென்றது. பாய் அலட்சியமாக மைக்கை இழுத்தார். மரத்தைத் தட்டிப் பார்த்தே வயது சொல்கிறவருக்கு இது ஒரு பெரிய காரியமா?

“சொல்றேன். கடவுள் அப்பா. மர்யம் அம்மையார் அம்மா. ஈசா நபி பிள்ள. மூணு பேரும் சேந்து...”

“அது இல்ல.”

கடைசிக்கு முந்தின வரிசையிலிருந்து வந்த குரல். சத்தமில்லை. ஆனால் மண்டபம் அடங்கிவிட்டது.

பாய்க்கு வேர்த்தது. “சரி. கடவுள் ஒருத்தர்தான். அவரே ஒரு தடவ அப்பா, ஒரு தடவ பிள்ளன்னு... வேஷம் மாத்தி...”

“அதுவும் இல்ல.”

டை கட்டியவர், “பார்த்தீர்களா மக்களே, இவர்களுக்கு...” என்று எழுந்தார்.

“நீ உக்காருய்யா!” என்று பாய் இரைந்த இரைச்சலில் மைக் கூவியது. அது அந்த மனிதர்மேல் வந்த கோபம் மட்டுமல்ல. பத்தொன்பது வருஷம் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டிருக்கிறார். அவன் வெள்ளைச் சட்டை போட்டுப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பார்த்துக்கொண்டது இவர். இவர் தொழுகைக்குப் போகும்போது கல்லாவில் உட்கார்ந்தது அவன். ஒரு நாற்காலியைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்கிற வாய், அவன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டதில்லை. கோட்டுக்காரன் பொய்ச் சரக்கு விற்றான் சரி. அதை வாங்கிச் சிரித்தவனுக்கு அது பொய் என்றே தெரியாதே! எதைப் பார்த்துச் சிரித்தோம் என்றுகூடத் தெரியாமல் சிரித்திருக்கிறோம் என்ற நினைப்பு நெஞ்சில் ஆணிபோல இறங்கியது.

“எனக்குத் தெரியல” என்றார் மைக்கில். “பங்காளி, நீ சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்.”

பங்காளி எழவில்லை. மகள் அவர் முழங்கையை இடித்தாள். எழுந்தார்.

“கடவுள் ஒருத்தர்தான். ரெண்டு இல்ல, மூணு இல்ல. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு ஆளா இருக்காரு. ஆனா கடவுள் ஒருத்தரே. மாத்தி மாத்தி இல்ல, எப்பவுமே அப்படித்தான். மகன்னா நம்ம வீட்டுல பொறக்கற மாதிரி பொறந்தவர் இல்ல. மரியம்மா கடவுள் இல்ல, அவங்க மனுஷிதான். இதெல்லாம் எப்படின்னு கேட்டா எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டத் தெரியாது. அந்தக் குமாரன் மனுஷனா வந்து எனக்காகச் செத்தாரு, எழுந்தாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

பாய் திருப்பிச் சொன்னார். நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு வார்த்தையாக, கண்ணாடிப் பீரோவைப் படியிறக்குகிற மாதிரி. ‘மூணு ஆளா’ என்னுமிடத்தில் ‘மூணு பங்கா’ என்று வந்தது. “பங்கு இல்ல, ஆளு” என்று பங்காளி திருத்தினார். மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

“ஆமா” என்றார் பங்காளி. “நான் சொன்னது இதான்.”

“இப்ப என் பேச்சு. நான் இத நம்பல. துளிகூட நம்பல. அவன் ஒருவன், அவனுக்குப் பிள்ள கிடையாது, இணை கிடையாது. அதுல நானும் கறார்தான். ஆனா மூணு நாற்காலிக்கு ஒரு பில் போடறவன் இல்ல இந்த ஆளு. அப்படிச் சொன்னது பொய். அந்தப் பொய்ய சொன்னவர் வெளியூர்க்காரர், கார்ல ஏறிப் போயிருவாரு. அதக் கேட்டு இவன் முதுகுக்குப் பின்னால உக்காந்து சிரிச்சவன் நான். என்ன சொன்னாங்கன்னு தெரியாமயே சிரிச்சேன். அதையும் படம் பிடிங்க. நாற்பத்தோரு விநாடிக்குள்ள முடிச்சிட்டேன்னு நெனக்கிறேன்.”

மைக் செத்தது. யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள். கோட்டுக்காரர் தரப்பும் டைக்காரர் தரப்பும் ஒன்றாகப் போய்ச் சங்கத் தலைவரைச் சூழ்ந்துகொண்டு, நிகழ்ச்சியைக் கெடுத்துவிட்டான் என்று கத்தின. அன்றைக்கு இரண்டு தரப்புக்கும் கருத்து ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

வெளியே செருப்பு குவிந்திருந்த இடத்தில் பங்காளி நின்றிருந்தார்.

“எல்லார் முன்னாடியும் சிரிச்ச” என்றார். “எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட. ஆனா எனக்கு இன்னும் எரியுது.”

“எரியட்டும். எனக்கு எரியறதுல பாதிகூட இருக்காது உனக்கு.”

“மாமா,” என்றாள் மகள், “நீங்க ரெண்டாவதா சொன்னீங்களே, வேஷம்னு. அதுக்கு நானே சிரிச்சிட்டேன்.”

“சிரிம்மா. உனக்கு உரிமை இருக்கு.”

பங்காளி தன் செருப்பைக் காலால் துழாவிக் கண்டுபிடித்து மாட்டினார். “தச்சன வர வேணாம்னு சொல்லிரு” என்றார், பாயின் முகத்தைப் பார்க்காமல். “சந்துப் பக்கம் சுவரு கருங்கல்லு. உடைச்சா மேல்கூரையே எறங்கிரும்னான்.”

“அதுக்காகவா வேணாங்கற?”

“அதுக்காகவும்தான்.”

திங்கட்கிழமை காலையில், வாசலில் ஒரு பெண்மணி சாப்பாட்டு மேஜை ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். உள்ளே பங்காளி மெழுகுத் துணியை வாளியில் போட்டுவிட்டுக் கேட்டார்.

“நீ என்னுதத் திருப்பிச் சொல்லிட்ட. உன்னுத நான் சொல்ல வேணாமா?”

“சொல்லு, சொல்லு. உனக்குத் தெரியாததா? பத்தொன்பது வருஷமா பக்கத்துலயே இருக்க.”

“அல்லா ஒருத்தர். அதுக்கடுத்து உங்க நபி. அவரையும் நீங்க கும்பிடறீங்க...”

“கும்பிடறமா!” பாய் நாற்காலியிலிருந்து எகிறினார். “யார்ரா சொன்னது உனக்கு? எந்தப் பய சொன்னான்? அவர் தூதர்டா! தூதர்! அவரக் கும்பிட்டா நாங்க முஸ்லிமே இல்ல! பத்தொன்பது வருஷம் என் பக்கத்துல குந்திக்கிட்டு இதுகூடத் தெரியலன்னா நீ என்னத்தப் பாத்த?”

“நீ சொன்னியா? ஒரு நாளாவது சொன்னியா?”

“நீ கேட்டியா?”

“ஏங்க,” என்றாள் வாசலில் நின்ற பெண்மணி, “இந்த மேஜை என்ன வெல?”

“இரும்மா!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். பாய் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டார். “உக்காரு. இவனுக்கு மொதல்லேருந்து சொல்ல வேண்டியிருக்கு. நேரமாகும்.”